மொட்டைமாடியில் எண்ணிய பத்து விநாடிகள்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், வீடியோ கேம் அறிவிப்புகளுக்காகக் கண்விழித்துக் காத்திருக்கும் பிள்ளைகளைப் பற்றிப் போகிறபோக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிக்கு ராயபுரம் முதல் எண்ணூர் வரை இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. தண்டையார்பேட்டையில் பத்தாண்டுக் காலம் பிரவுசிங் சென்டர் நடத்தியவன், இந்தப் பிள்ளைகளின் அண்ணன்மார்களுக்கு மணிக்கணக்கில் கம்ப்யூட்டரை வாடகைக்கு விட்டவன் என்பதைத் தவிர, இதில் பேச எனக்கு வேறு தகுதி இல்லை. இருந்தாலும், ஒன்றோடொன்று தொடர்புடைய கடிதங்களைத் தேர்ந்தெடுத்து இந்தப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் மகன் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான். சென்ற மாதம் ஒரு நள்ளிரவில் அவனும் நண்பர்கள் ஐவரும் மொட்டைமாடியில் ஒரே செல்போனைச் சுற்றி உட்கார்ந்து, திரையில் ஒரு கடிகாரம் குறைந்துகொண்டே வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பத்து விநாடிகளை உரக்க எண்ணினார்கள். முடிந்ததும் ஒரு படமும் ஒரு தேதியும் வந்தன, விளையாட்டு வரவில்லை. இரண்டு பையன்கள் கத்திக் கொண்டாடினார்கள். என் மகனோ "ஏமாத்திட்டானுங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டான். அறிவிப்பு வரப்போகிறது என்பதற்கா ஒரு காத்திருப்பு? — ஒரு தாய், புது வண்ணாரப்பேட்டை

பதில்: அம்மா, உங்கள் மொட்டைமாடியிலிருந்தே தொடங்குகிறேன். ஸ்ரீஹரிகோட்டா நமக்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது; வானம் தெளிவாக இருக்கும் நாளில், ராக்கெட் மேலேறும் வெளிச்சத்தை நம் பகுதி மாடிகளிலிருந்து பார்ப்பவர்கள் உண்டு. கவுண்டவுன் என்ற சொல்லே நம் வீடுகளுக்குள் அந்த வழியாகத்தான் வந்தது. ஆனால் ராக்கெட்டின் கவுண்டவுன் என்பது ஒரு வேலைப் பட்டியல். எரிபொருள் நிரப்புவது, வால்வுகளைச் சோதிப்பது, கணினியிடம் பொறுப்பை ஒப்படைப்பது என்று அதன் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு பணி உண்டு. 2019 ஜூலை 15 அதிகாலையில் சந்திரயான்-2 புறப்பட 56 நிமிடம் 24 விநாடி இருக்கும்போது கடிகாரத்தை நிறுத்திவிட்டார்கள். கோளாறைச் சரிசெய்து ஜூலை 22 அன்றுதான் ஏவினார்கள். நிறுத்துவதற்கு அங்கே ஒரு காரணம் இருந்தது, ஏனென்றால் ஓடுவதற்கும் ஒரு காரணம் இருந்தது.

உங்கள் மகன் பார்த்த கடிகாரத்துக்குள் அப்படி எந்த வேலையும் நடப்பதில்லை. காட்டவேண்டிய படம் முன்பே தயாராகி ஒரு கோப்பில் உறங்கிக்கொண்டிருக்கும். பிறகு எதற்குக் கடிகாரம் என்றால், ஆறு பையன்களை ஒரே நேரத்தில் ஒரே செல்போன் முன்னால் உட்காரவைக்கத்தான். இன்ன நேரத்தில் ஏதோ ஒன்று வரும் என்று மட்டுமே நிறுவனம் சொல்கிறது. அந்த "ஏதோ ஒன்று" எதுவென்பதைக் காத்திருக்கும் நாள்களில் ரசிகர்களே ஆளுக்கொன்றாக எழுதிக்கொள்கிறார்கள்.

இதை ஒரே நிறுவனத்தின் இரண்டு அனுபவங்களில் பார்க்கலாம். பெதஸ்டா என்ற அமெரிக்க நிறுவனம் 2015 ஜூனில் தன் தளத்தில் ஒரு கடிகாரத்தை ஓடவிட்டது. ஜூன் 3 அன்று அது பூஜ்யத்தைத் தொட்டபோது, எல்லோரும் எதிர்பார்த்த ஃபால்அவுட் 4 விளையாட்டின் அறிவிப்புதான் வந்தது; விளையாட்டும் அதே ஆண்டு நவம்பர் 10 அன்று கடைக்கு வந்துவிட்டது. மூன்றாண்டு கழித்து, 2018 மே மாதக் கடைசியில், அதே நிறுவனம் "சற்றே பொறுங்கள்" என்ற வாசகத்தைத் தாங்கிய ஒரு திரையையும், அதன் முன்னால் ஒரு தலையாட்டிப் பொம்மையையும் வைத்து நேரலையைத் தொடங்கியது. ஒரு நாளுக்கும் மேலாக அந்தப் பொம்மையைத் தவிர அங்கே பார்ப்பதற்கு அநேகமாக எதுவும் இல்லை. ஆயினும் ஒரே சமயத்தில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். (தஞ்சாவூர்ப் பொம்மைக்குக்கூட இத்தனை கண்கள் ஒருசேரக் கிடைத்திருக்காது.) பழைய பாகத்தைப் புதுப்பித்துத் தருகிறார்கள் என்றனர் சிலர், தமக்குப் பிடித்த கிளைக்கதையின் தொடர்ச்சி என்றனர் வேறு சிலர். வந்தது ஃபால்அவுட் 76, அதாவது பலரும் இணையத்தில் ஒன்றுகூடி ஆடும் விளையாட்டு. தனியாக ஆடிப் பழகியவர்களில் பலர் அன்றே முகம் சுளித்தார்கள். நவம்பரில் அது குறைகளோடு வெளிவந்தபோது சுளிப்பு கோபமாக மாறியது. நிறுவனம் பொய் சொல்லவில்லை. எதையுமே சொல்லாமல் ஒரு நாள் முழுக்கப் பேசவைத்தது, அவ்வளவுதான்.

ஆகவே உங்கள் மகன் தான் எழுதி வைத்திருந்த ஒன்று வராததற்காக வருந்தியிருக்கிறான். கத்திக் கொண்டாடிய இருவரும் தேதி வந்தாலே போதும் என்று எழுதிவைத்திருந்தவர்கள். ஒரே படத்துக்கு ஒரே மாடியில் இரண்டு விதமான வரவேற்பு கிடைத்ததில் விந்தை ஏதுமில்லை. அந்த ஆறு பேருக்கும் உண்மையாகவே கிடைத்தது எதுவென்று கேட்டால், அந்த இரவுதான் என்பேன். பள்ளி முடிந்தபின் ஆறு பேரையும் ஒரே மாடியில் சேர்ப்பது எவ்வளவு கடினம் என்பது அவர்களுக்கு இன்னும் சில ஆண்டுகளில் தெரியவரும். சாப்பிடாமல் படுத்ததைப் பெரிதாக எண்ணவேண்டாம். மறுநாள் காலை இரண்டு இட்லி கூடுதலாகவே கேட்டிருப்பான்.

கேள்வி: 2023 செப்டம்பரில் ஃப்ரீ ஃபயர் இந்தியா என்ற கேம் வருகிறது என்பதற்காக, நான் வேலை செய்யும் எம்.சி. ரோடு ஜவுளிக் கடையில் ஒரு நாள் விடுப்பு எடுத்தேன். முதல் நாள் மாலையே தள்ளிவைத்துவிட்டார்கள். கடையில் இன்றும் கிண்டல் செய்கிறார்கள். நான் முட்டாளா, ஐயா? — ஒரு வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: இல்லை, தம்பி. உங்கள் நிலை மேலே சொன்ன மாணவனின் நிலையிலிருந்து முற்றிலும் வேறுபட்டது. 2022 பிப்ரவரியில் மத்திய அரசு தடைசெய்த 54 செயலிகளுள் ஃப்ரீ ஃபயரும் ஒன்று. ஒன்றரை ஆண்டு கழித்து, 2023 ஆகஸ்டு 31 அன்று, செப்டம்பர் 5 முதல் அது ஃப்ரீ ஃபயர் இந்தியா என்ற பெயரில் திரும்பிவரும் என்று கரேனா நிறுவனம் அறிவித்தது. தோனியை விளம்பரத் தூதராக்கி, விளையாட்டுக்குள் "தல" என்றே ஒரு பாத்திரத்தையும் வைப்பதாகச் சொன்னார்கள். செப்டம்பர் 4 அன்று, சில வாரங்கள் தள்ளிப்போகிறது என்று அறிவிப்பு வந்தது. அந்தச் சில வாரங்கள் மாதங்களாகி, ஓராண்டையும் கடந்தன.

இங்கே நேரத்தோடு பொருளையும் சேர்த்தே வாக்குக் கொடுத்திருந்தார்கள். நாள் குறித்து, பத்திரிகை அடித்து, தல வரைக்கும் அழைத்துவிட்டு, முகூர்த்தத்துக்கு முதல் நாள் மண்டபத்தைப் பூட்டினால், மொய்க் கவரோடு வந்து நின்றவரை யாரும் முட்டாள் என்று சொல்லமாட்டார்கள். கிண்டல் செய்பவர்களிடம் ஒன்று கேளுங்கள்: ஈராண்டுக்கு முன், 2021இல், பப்ஜிக்குப் பதிலாக அதன் இந்திய வடிவமான பி.ஜி.எம்.ஐ. வருகிறது என்றபோது அவர்களும் முன்பதிவு செய்தார்களா, இல்லையா? முதல் இரண்டு வாரத்தில் 2 கோடிப் பேர் பதிவு செய்ததாக கிராஃப்டான் நிறுவனம் அப்போது சொன்னது. நிறுவனம் வெளியிட்ட ஒவ்வொரு படத்திலும் தேதி ஒளிந்திருக்கிறதா என்று அன்று தேடாதவர்கள் குறைவு. ஜூன் 17 அன்று சோதனை வடிவமும், ஜூலை 2 அன்று முழு வடிவமும் வந்துவிட்டதால், அன்று காத்திருந்தவர்களை யாரும் கிண்டல் செய்யவில்லை. நீங்கள் காத்திருந்ததும் அவர்கள் காத்திருந்ததும் ஒரே மாதிரிதான். வந்து சேர்ந்ததும் சேராததும்தான் வேறு. விடுப்பு எடுத்ததில் மட்டும் ஒரு சிறு திருத்தம் சொல்வேன்: சர்வர் திணறும் முதல் நாளுக்கு எடுக்காமல், மூன்றாம் நாளுக்கு எடுத்திருக்கலாம்.

கேள்வி: எந்தப் படத்தைப் பார்த்தாலும், எந்த எழுத்தைப் பார்த்தாலும் அதற்குள் மறைபொருள் இருக்கிறது என்று என் அறைத்தோழன் வாதாடுகிறான். ரசிகர்களுக்கு இந்த நோய் எப்படி வந்தது? — கல்லூரி மாணவர், வியாசர்பாடி

பதில்: நோய் என்று சொல்லாதீர்கள், ருசி கண்ட பூனை உறியைத் தாவுகிறது. அந்த ருசியைக் காட்டியவர்களில் முதன்மையானவர் ஜப்பானிய வடிவமைப்பாளர் ஹிடேயோ கோஜிமா. 2012 டிசம்பரில், மோபி டிக் ஸ்டூடியோ என்ற, யாரும் கேள்விப்படாத நிறுவனம் ஒரு விளையாட்டின் முன்னோட்டத்தை வெளியிட்டது. அப்படி ஒரு நிறுவனமே இல்லை, அது கோஜிமாவின் வேலை என்று ரசிகர்கள் உடனே சந்தேகித்தார்கள். அடுத்த ஆண்டு அது உண்மை என்று தெரியவந்தது. 2014 ஆகஸ்டில் "பி.டி." என்ற இரண்டே எழுத்துப் பெயரில் ஒரு திகில் விளையாட்டு இலவசமாக வெளியாயிற்று. செய்தவர் 7780எஸ் ஸ்டூடியோ என்றிருந்தது. புதிரை அவிழ்த்து முடித்தவர்களுக்குக் கடைசியில்தான் தெரிந்தது, அது சைலன்ட் ஹில்ஸ் என்ற பெரிய விளையாட்டின் முன்னறிவிப்பு என்று. (அந்தப் பெரிய விளையாட்டு 2015இல் கைவிடப்பட்டது என்பது தனிச் சோகம்.)

இரண்டு முறை சந்தேகித்து இரண்டு முறையும் வென்றவன், மூன்றாம் முறை சந்தேகிக்காமல் இருப்பானா? 2021இல் ஒரு சிறிய நிறுவனம் அபாண்டன்ட் என்ற விளையாட்டை அறிவித்தது. பெரிய பெயர் இல்லை, முந்தைய படைப்புகள் அதிகம் இல்லை. ஆகவே இதுவும் கோஜிமாதான் என்று ரசிகர்கள் முடிவு கட்டினார்கள். அந்நிறுவனத்தார் எத்தனை மறுத்தாலும், மறுப்பதே சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது. முன்னோட்டத்தைக் காட்டுவதற்கென்றே பிளேஸ்டேஷன் 5 என்ற விளையாட்டுக் கருவியில் ஒரு தனிச் செயலி வந்தது. ஆகஸ்டில் குறித்த நாளில் அது திறக்கவில்லை. சில நாள் தாமதமாகத் திறந்தபோது சில விநாடிக் காட்சி மட்டுமே இருந்தது, அதையும் அந்நிறுவனம் முன்பே ட்விட்டரில் காட்டியிருந்தது. அந்த இரவு பொங்கிய கோபத்துக்கு அளவே இல்லை. என் பார்வையில் அந்நிறுவனத்தின் தவறு சிறிதல்ல, ஆனால் அவர்கள் செய்யாத ஒரு வாக்குக்கும் சேர்த்து அவர்கள் திட்டு வாங்கினார்கள் என்பதும் உண்மை. உங்கள் தோழனிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். அவர் இதற்குள்ளும் ஒரு குறிப்பைக் கண்டுபிடிக்கக்கூடும்.

கேள்வி: ரசிகர்கள் உழைத்தால் கவுண்டவுனையே குறைத்துவிடலாம் என்று அண்ணன் சொல்கிறான். அப்படி நடந்ததுண்டா? — பள்ளி மாணவன், மூலக்கடை

பதில்: ஒரு முறை நடந்தது. 2011 ஏப்ரலில் வால்வ் நிறுவனம் போர்ட்டல் 2 விளையாட்டுக்காக ஒரு கடிகாரத்தை ஓடவிட்டு, வேறு 13 சிறிய விளையாட்டுகளைப் பட்டியலிட்டு, அவற்றை எத்தனை அதிகம் ஆடுகிறீர்களோ அத்தனை சீக்கிரம் போர்ட்டல் 2 திறக்கும் என்று சொல்லாமல் சொன்னது. பல நாள் முன்கூட்டியே கிடைக்கும் என்று நம்பிய கூட்டம் இரவு பகலாக ஆடித் தீர்த்தது. குறித்த நேரத்துக்குச் சுமார் 10 மணி நேரம் முன்பாக விளையாட்டு திறந்தது. அந்த 13 விளையாட்டுகளையும் காசு கொடுத்து வாங்கியவர்களின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று உன் அண்ணனிடமே கேள். கடிகாரத்துக்குள் வேலை என்று ஒன்று இருந்தது இதில் மட்டும்தான். அந்த வேலையையும் ரசிகர்கள் தலையில் கட்டிவிட்டார்கள்.

கேள்வி: ஹாஃப்-லைஃப் 3 எப்போது வரும்? — வாசகர், பெரம்பூர்

பதில்: இரண்டாம் பாகத்தின் கிளைக்கதை 2007 அக்டோபரில் பாதியில் நின்றபோது, என் சென்டரில் அதை ஆடி முடித்த பையன் இதே கேள்வியைக் கேட்டான். இப்போது அவன் தன் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வரும் வழியில் கேட்கிறான்.

கேள்வி: புதிய விளையாட்டுக்கு முன்கூட்டியே பணம் கட்டலாமா? "இப்போதே ஆடலாம்" என்று வரும் இணைப்புகளை நம்பலாமா? — குடும்பத் தலைவர், திருவொற்றியூர்

பதில்: இணைப்புகளைப் பொறுத்தவரை ஒரே பதில்தான்: தொடாதீர்கள். கடிகாரத்தை யார் வேண்டுமானாலும் ஓடவிடலாம். 2013 கடைசியில் ஃபால்அவுட் 4 வருவதாக ஒரு தளம் கடிகாரத்தோடு முளைத்தது. பல வாரம் அதில் வந்த குறியீடுகளை ரசிகர்கள் முட்டி மோதி அவிழ்த்தார்கள். டிசம்பரில் அது வெறும் புரட்டு என்று தெரிந்தது. அவர்களுக்கு நேரம் மட்டுமே போயிற்று. இன்று செயலிக் கோப்பு என்ற பெயரில் வருவதை நிறுவினால், வங்கிக் கணக்கிலிருந்து பணமும் போகலாம். விளையாட்டு எந்தக் கடையில் விற்கப்படுகிறதோ அந்த அதிகாரபூர்வமான கடையில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

முன்பணம் பற்றி: சைபர்பங்க் 2077 என்ற விளையாட்டு மூன்று முறை தேதி மாறி, 2020 டிசம்பர் 10 அன்று வெளியாயிற்று. பழைய பிளேஸ்டேஷன் 4இல் அது ஓடிய அழகைப் பார்த்து, பத்து நாள்களுக்குள் அந்தக் கருவியைத் தயாரிக்கும் சோனி நிறுவனமே விளையாட்டைத் தன் கடையிலிருந்து நீக்கி, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தது. பிறகு விளையாட்டை உருவாக்கியவர்கள் அதைச் சீர்செய்து நல்ல பெயர் வாங்கிவிட்டார்கள் என்பதையும் சொல்லவேண்டும். டிஜிட்டல் பிரதி தீர்ந்துபோகிற சரக்கு இல்லை, ஐயா. தீபாவளிக்குச் சட்டைத் துணி தீர்ந்துவிடும் என்று எம்.சி. ரோட்டில் முண்டியடிப்பதில் ஒரு நியாயம் உண்டு. இங்கே அதுவும் இல்லை. ஒரு வாரம் பொறுத்து, ஆடியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: நாங்கள் விசைப்படகுக் குடும்பம். ஆண்டுதோறும் 61 நாள் கடலுக்குப் போகாமல் காத்திருக்கிறோம். எங்கள் வீட்டுப் பிள்ளை ஒரு கேமுக்காக ஆறு வருடம் காத்திருந்ததாகச் சொல்கிறான். இதையெல்லாம் காத்திருப்பு என்று சொல்லலாமா? — வாசகி, காசிமேடு

பதில்: உங்கள் காத்திருப்போடு ஒப்பிட்டால் சொல்லக்கூடாதுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அடுப்பு எப்படி எரியும் என்ற கணக்கு அவனுக்கு இல்லை. ஆனால் அவன் எந்த விளையாட்டைச் சொல்கிறான் என்று ஊகிக்க முடிகிறது. ஹாலோ நைட் வரிசையில் வந்த சில்க்சாங் ஆகத்தான் இருக்கவேண்டும். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில், விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களைக் கொண்ட டீம் செர்ரி என்ற நிறுவனம் 2019 பிப்ரவரியில் அதை அறிவித்துவிட்டு, பிறகு பெரும்பாலும் வாயே திறக்கவில்லை. ஒவ்வொரு பெரிய நிகழ்ச்சிக்கு முன்பும் "இன்றைக்கு வரும்" என்று ரசிகர்கள் கூடுவதும், வராதபோது தங்களையே கோமாளியாக வரைந்து கேலி செய்துகொள்வதும் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. கடைசியில் 2025 ஆகஸ்டு 21 அன்று தேதியைச் சொன்னார்கள். இரண்டே வாரத்தில், செப்டம்பர் 4 அன்று, விளையாட்டு வந்தது. ஒரே நேரத்தில் வாங்கப் பாய்ந்த கூட்டத்தால் ஸ்டீம் உள்ளிட்ட இணையக் கடைகள் சற்று நேரம் திணறின.

கடிகாரம் ஓடவிட்டவர்களைவிட இவர்கள்மேல் எனக்கு மதிப்பு அதிகம். தடைக்காலத்தில் உங்கள் வீட்டு ஆண்கள் படகுக்கு வண்ணம் பூசி, இன்ஜினைப் பிரித்துப் பார்த்து, வலையைச் சரிசெய்வதுபோல, அவர்களும் அந்த ஆண்டுகளில் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். ஜூன் 14 நள்ளிரவில் படகு புறப்படும் என்று உறுதியாகச் சொல்லலாம். வலையில் என்ன விழும் என்று காசிமேட்டில் யாரும் சொல்லமாட்டார்கள். இதை உங்கள் பிள்ளைக்கு நீங்களே சொன்னால், நான் சொல்வதைவிட நன்றாகப் புரியும்.

கேள்வி: சினிமா ரசிகர்களைவிட இவர்கள் மோசமா? — வாசகர், புளியந்தோப்பு

பதில்: 2021 பிப்ரவரியில் சேப்பாக்கம் டெஸ்ட் போட்டியில், எல்லைக்கோட்டருகே நின்ற இங்கிலாந்து வீரர் மொயீன் அலியிடம் அஜித் படத்துக்கு "வலிமை அப்டேட்" கேட்ட ஊர் நம் ஊர். அடுத்தவரைக் குறை சொல்லும் உரிமையை அன்றே இழந்துவிட்டோம்.

கேள்வி: டிரெய்லர் காலை 9 மணிக்கு என்று ஒருவன் சொல்கிறான், இரவு 7.30 என்று இன்னொருவன் சொல்கிறான். எதை நம்பிக் காத்திருப்பது? — மாணவர்கள் சிலர், கொருக்குப்பேட்டை

பதில்: இரண்டும் ஒன்றுதான். நியூயார்க்கில் குளிர்காலத்தில் காலை 9 மணி என்றால் நமக்கு இரவு 7.30; அங்கே கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளுவதால் அப்போது 6.30. ஆனால் சரியான நேரத்தைக் கணக்கிட்டு உட்காருவதால் மட்டும் எல்லாம் நடந்துவிடுவதில்லை என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன்.

ஜி.டி.ஏ. 6 விளையாட்டின் முதல் டிரெய்லருக்கு ராக்ஸ்டார் நிறுவனம் குறித்த நேரம் 2023 டிசம்பர் 5, நமக்கு இரவு 7.30. முந்தைய பாகம் வந்து பத்தாண்டு ஆகியிருந்தது. எங்கள் தெருவில் நான்கு பையன்கள், அதில் ஒருவன் என் தங்கை மகன், ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே சுவரில் கரிக்கோடு போட்டு நாளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். டிசம்பர் 3 இரவு மிக்ஜாம் புயலின் மழை தொடங்கிற்று. 4ஆம் தேதி முழுவதும் கொட்டிற்று. தெருவில் இடுப்பளவு நீர், மின்சாரம் இல்லை, செல்போன் கோபுரங்களும் ஒவ்வொன்றாக ஊமையாயின. அந்த வேளையில், உலகின் மறுபக்கத்தில், யாரோ அந்த டிரெய்லரைக் கசியவிட்டுவிட்டார்கள். வேறு வழியின்றி நிறுவனமும் அதைக் குறித்த நேரத்துக்கு முன்பே, நமக்கு 5ஆம் தேதி விடிவதற்குள், வெளியிட்டுவிட்டது. 24 மணி நேரத்தில் 9 கோடிக்கும் மேற்பட்ட பார்வைகள். விளையாட்டு வருவதாக அதில் சொன்ன ஆண்டு 2025. அது பிறகு 2026 மே 26 ஆகி, அப்புறம் 2026 நவம்பர் 19 என்றும் ஆயிற்று.

எங்கள் தெருப் பையன்களுக்கு இது எதுவும் தெரியாது. அவர்கள் 5ஆம் தேதி இரவு 7.30 மணிக்கு, மாடியில், மெழுகுவத்தி வெளிச்சத்தில், சிக்னல் இல்லாத செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மறுநாளும் மின்சாரம் வரவில்லை. 8ஆம் தேதி மாலை வந்தது. உலகமே பார்த்து முடித்து, அலசி, ஓய்ந்து மூன்று நாள் ஆகியிருந்த அந்தக் காணொளியை, நால்வரும் என் வீட்டுக் கம்ப்யூட்டரில் திறந்தார்கள். திறந்தவுடன் பார்க்கவில்லை. பத்திலிருந்து ஒன்று வரை தாங்களாகவே உரக்க எண்ணிவிட்டுத்தான் பட்டனை அழுத்தினார்கள்.